முள் படுத்திருந்த நேரம்

இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக நகரத்தில் டெரெக் ஆஷ்வெல் என்பவர் இறந்துபோன அன்று, அவர் தன் வாழ்நாளெல்லாம் வெளியிட்டிருந்த நடன இசை முழுவதும் ஊமையாகிவிட்டது. இசைத்தட்டுகளின் கோடுகள் அழியவில்லை, குறுந்தகடுகளில் கீறல் விழவில்லை, கணினிகளில் கிடந்த கோப்புகளின் எடைகூடக் குறையவில்லை. ஆனால் ஊசியை வைத்தால் ஊசி ஓடும் சத்தம் மட்டும் வந்தது, பொத்தானை அழுத்தினால் நேரம் மட்டும் நகர்ந்தது. ஏதோ ஒரு நகரத்தின் நடன விடுதியில் கைகளை மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள், தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே நின்றார்களாம். பர்மிங்காமில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதைப் போனில் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். அந்த வாரம் மத்தி மீன் ஏராளமாக வந்திருந்ததால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

எங்கள் பெருங்கரைப்பட்டினத்தில் டெரெக் ஆஷ்வெல் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய இசை எங்கள் ஊரில் இருந்த அளவுக்கு வேறெங்கும் வீடு வீடாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அது கமருஸ்ஸமான் வழியாக வந்தது; எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன் முறை, கமர் காக்கா. பஜார் முனையில் அவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஊரின் ஆண்களில் பாதிப்பேர் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள்; மிச்சம் இருந்தவர்கள் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து கணவன்மாருக்குப் பேசுவார்கள். எழுத வராதவர்களும் பேசினார்கள், எழுத வந்தவர்களும் பேசினார்கள். பேசி முடித்த கேசட்டைக் கமர் காக்காவிடம் கொடுத்தனுப்புவார்கள். பேச்சு முடிந்த இடத்திலிருந்து கேசட்டின் கடைசிவரை அவர் ஏதாவது இசையைப் பதிந்து கொடுப்பார். பாலைவனத்தில் பத்துப்பேர் படுக்கும் அறையில், பெண்டாட்டியின் குரல் நின்ற பிறகு வெறும் டேப் இரைந்துகொண்டிருந்தால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று அவர் கேட்பார். சினிமாப் பாட்டுப் போட்டால் எந்தப் பாட்டு, எதற்கு அந்தப் பாட்டு என்று மாமியார்கள் கேள்வி கேட்டார்கள். அதனால் வார்த்தையில்லாத இசையாகத் தேடினார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சினன், ஹல் துறைமுகத்துக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்ததை ஒவ்வொரு தடவையும் அள்ளிக்கொண்டு வந்தான். அந்தக் கடைக்காரர் உள்ளூர்ப் பையன் ஒருவனின் இசையை மட்டுமே அப்படித் தள்ளிவிட்டார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

இப்படித்தான், கூரை ஓடு ஒழுகுகிறது, ஆடு குட்டி போட்டிருக்கிறது, உங்கள் உம்மாவுக்கு முட்டுவலி என்ற பேச்சுகளுக்குப் பின்னால், டெரெக் ஆஷ்வெல்லின் பாட்டுகள் துண்டு துண்டாகக் கடல் தாண்டிப் போயின. பிறகு ஆண்கள் ஊர் திரும்பியபோது போர்வைக்கும் தைலப்புட்டிகளுக்கும் நடுவில் பெட்டிக்குள் உட்கார்ந்து திரும்பி வந்தன.

உலகம் முழுவதும் ஊமையான இசை இந்தக் கேசட்டுகளில் மட்டும் ஊமையாகவில்லை என்பதை, ஊருக்கே அக்காவான செய்யம்மா ராத்தாவும் அவர் கணவரும் பரண் ஒதுக்கும்போது கண்டுபிடித்தார்கள். இருவரும் உட்கார்ந்து பழைய கேசட்டைப் போட்டார்கள். செய்யம்மா ராத்தாவின் இருபத்துநாலு வயதுக் குரல் பேசி முடித்தது. டும் டும் என்று அடி தொடங்கியது. மறுநாள் ராத்தா மட்டும் தனியாகப் போட்டபோது பேச்சு வந்தது, இசை வரவில்லை. பேச்சை ஓட்டிவிட்டு இசையிலிருந்து தொடங்கினாலும் வரவில்லை. போனில் பதிந்தாலும் பதியவில்லை. பேசியவரும், யாருக்காகப் பேசினாரோ அவரும், இரண்டு பேரும் முதலிலிருந்து சேர்ந்து கேட்டால் மட்டுமே அது வந்தது. ஏன் என்று நாங்கள் யாரும் ஆராயவில்லை. இரண்டு பேரில் ஒருவர் மவுத்தாகிப்போன வீடுகளில், இருக்கிற மற்றவர் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கேசட்டை வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

பர்மிங்காம்காரர் மூலம் செய்தி போய், டெரெக்கின் அக்கா ஜூடித் எங்கள் ஊருக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டிய உயரமான பெண். பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறேன் என்பதால் அவருடன் பேச என்னை அமர்த்தினார்கள். தம்பி வெளியிட்ட இசை எல்லாவற்றையும் வருடவாரியாக எழுதிய தாள்கள் அவர் கையில் இருந்தன. அவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போக வந்திருப்பதாகச் சொன்னார்.

ஊர் வெட்கப்பட ஆரம்பித்தது அப்போதுதான். ஒரு விருந்தாளி, அதுவும் தம்பியைப் பறிகொடுத்தவர், கேட்கிறார்; கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கவேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பது வருடத்துக்கு முன்னால் அடைத்த கதவுக்குப் பின்னால் பேசியதை இன்னொருத்தி முன்னிலையில் கேட்க வேண்டும். ஜமாஅத்தில் இரண்டு நாள் பேசினார்கள். இசை கேட்பது மார்க்கத்தில் கூடுமா என்று ஒருவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார். அது மார்க்கத்தின் மேல் உள்ள அக்கறையா, தன் கேசட் மேல் உள்ள பயமா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

“நீங்க கேக்கப்போறது உங்க பேச்சு” என்றார் ஹஜ்ரத். “பின்னாடி வர்றது ஒரு வழிப்போக்கன். நம்ம பேச்சுக்குப் பின்னாடி வந்து ஒதுங்கியிருக்கான். அவன் வீட்டாளு தேடி வந்துருக்கு. இல்லைன்னு சொல்லவா சொல்றீங்க?”

ஷாதி மஹாலில் ஏற்பாடு செய்தார்கள். கல்யாணத்தில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற பச்சைத் திரை அங்கே எப்போதும் தொங்கும். திரையின் நுனியில் மேசை போட்டு, கமர் காக்கா தன் பழைய கேசட் டெக்கைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். அதன் முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால், சத்தத்துக்கு ஏற்றபடி எழும்பிப் படுக்கும் முள் ஒன்று இருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் ஒரு ஜோடி வரும். கணவன் திரைக்கு அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று ஊர் நினைத்தது. ஜூடித் பெண்கள் பக்கம், தலையில் முக்காட்டுடன் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால், மேசைக்குச் சற்றுத் தள்ளி நான்.

முதல் சில நாட்கள் சிரிப்பாகத்தான் போனது. “மச்சான், நீங்க அனுப்புன துணி அளவு பத்தலை, அங்க யாரைப் பாத்து அளவெடுத்தீங்க” என்று செய்யம்மா ராத்தாவின் பழைய குரல் கேட்டபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “கடைக்கார மலையாளியைத்தான்” என்று பதில் வந்தது. இன்னொரு ஜோடி எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் இசை வரவில்லை. ஒருவர் முகம் கறுத்தது, இன்னொருவர் அழுதார். கடைசியில் அந்தக் கேசட்டில் இருந்தது மாமியாரின் பேச்சுதான், அவர் சொல்லச் சொல்ல மருமகள் திருப்பிச் சொன்னாள் என்பது வெளியே வந்தது. தொண்ணூறு வயது மாமியாரை நாற்காலியோடு தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். அடி பிறந்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, “இந்தக் கருமத்துக்கா என்னைத் தூக்கியாந்தீங்க” என்றார்.

பிறகு சிரிப்பு குறைந்தது. கொழுந்தன் கதவைத் தட்டுகிறான் என்று பூடகமாகச் சொன்ன ஒரு குரல் கேட்டது. அந்தக் கொழுந்தன் இப்போது ஜமாஅத்தில் முன்வரிசைக்காரர். பிள்ளை பசியில் அழுவதை ஒரு வார்த்தையும் பேசாமல் டேப்பில் பாதிவரை பதிந்து அனுப்பியிருந்தாள் ஒருத்தி. அதைக் கேட்ட அவள் கணவர் செருப்பை மறந்து வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டோம். மற்றவர்கள் மஹாலுக்குள் வரக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால் வெளியே ஜன்னலோரம் நின்றோம். அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு நிற்க எங்களால் முடிந்தது. பிறருடைய வெட்கத்தைக் கேட்கப் போய்த் தன் வெட்கத்தோடு திரும்பிய ஒருவனாவது மறுநாள் வராமல் இருந்தானா என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. நானும் விடுமுறை போட்டுவிட்டுப் போனேன், மொழிபெயர்க்க. ஆனால் முதல் நாளே ஜூடித் சொல்லிவிட்டார், பேச்சை எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம், அது எனக்கு அனுப்பப்பட்டதல்ல என்று. அப்படியிருந்தும் நான் போனேன்.

ஒவ்வொரு நாளும் டெரெக்கின் இசை வந்தது. வேகமான காலம், பிறகு மெதுவான காலம், பிறகு யாரோ பிறருடைய பாட்டைப் பிய்த்துப் புதிதாகத் தைத்த காலம். ஜூடித் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆனால் அவர் காத்திருந்தது அதற்கல்ல என்பது எங்களுக்குத் தெரியும். டெரெக் பத்தொன்பது வயதில், வீட்டுச் சமையலறை மேசைமேல் கருவிகளைப் பரப்பிச் செய்த முதல் பதிவு ஒன்று உண்டு. அதன் நடுவில் அவர்கள் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார், டெரெக் சிரிக்கிறார். அதை அழிக்காமல் அப்படியே விட்டு வெளியிட்டுவிட்டார். அம்மா அடுத்த வருடமே போய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. இப்போது அதிலும் இல்லை.

“அதுவா” என்றார் கமர் காக்கா, நான் விஷயத்தைச் சொன்னதும். “அதுல ஒரு பொம்பளைக் குரல் வருமே. முன்பின் தெரியாத பொம்பளை குரலை ஒருத்தி புருஷனுக்கு எப்படி அனுப்புறதுன்னு அதை நான் எடுக்கவே மாட்டேன். ஒரே ஒரு தடவை வேற ஒண்ணும் கையில இல்லை. ஜுலைகா கேசட்டுல போட்டுட்டேன்.”

ஜுலைகா நாச்சியா வருகிறேன் என்று சொல்லாத சிலரில் ஒருவர். ஐம்பத்தாறு வயது. நிமிர்ந்து யாரையும் பார்க்கமாட்டார் என்பதை ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவர் கணவர் மீராசா திரும்பி வந்து இரும்புக்கடை வைத்துப் பல வருடமாகிறது. வீட்டில் சாப்பாடு வைக்கட்டா, வை என்பதற்கு மேல் பேச்சு இல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அதையும் ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

ஜூடித்தும் நானும் போய் அம்மாவின் குரலைப் பற்றிச் சொன்னபோது ஜுலைகா கதவோரம் நின்றே, “அந்தக் கேசட்டு இல்லை, எறிஞ்சாச்சு” என்றார்.

“பெட்டியில இருக்கு” என்றது உள்ளிருந்து மீராசாவின் குரல்.

“எறிஞ்சாச்சுன்னு சொல்றேன்.”

“நேத்துக்கூடப் பாத்தேன்.”

ஜூடித் உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த வட்டலப்பத்தைச் சாப்பிட்டார். எதில் செய்தது என்று கேட்டார். முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தானும் இப்படி ஒன்று கிண்டிப் போட்டுவந்ததாகவும் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள் என்றும் சொன்னார். அதைத் தமிழில் சொன்னபோது ஜுலைகா லேசாகச் சிரித்தார். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அவர் என்னிடம் கேட்டார்:

“சார், அவங்க உம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவாங்களாம்?”

“ஆறிப்போகுது, சாப்பிட வான்னுதான்.”

ஜுலைகா காலிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு வர்றேன்” என்றார். “ஊரு இருக்கக் கூடாது.”

ஊர் இருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தால் இருப்பது தெரியாது என்று நினைத்து, ஆண்களும் பெண்களும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். ஜுலைகா துப்பட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்று அந்தத் தலைகளைப் பார்த்தார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மீராசா இருமினார். கமர் காக்கா பொத்தானை அழுத்தினார்.

ஸலாம் சொன்னது அந்தக் குரல். நாங்கள் அறியாத ஜுலைகா அவர். மகளுக்குப் பல் விழுந்ததையும், அதைக் கூரையில் எறிந்தபோது அது திரும்பி உருண்டு வந்ததையும், சின்ன மாமாவின் ஆடு மாவரைக்கிற கடைக்குள் புகுந்ததையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பணம் வந்தது என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு குரல் இறங்கியது.

“மச்சான், இன்னும் ஒண்ணு சொல்லணும்.”

டேப் இரைந்தது. மூச்சு விடும் சத்தம் ஒன்று, அல்லது நாங்கள் விட்ட மூச்சா, தெரியவில்லை. கண்ணாடிக்குள் முள் சாய்ந்து படுத்தது. படுத்தே கிடந்தது. இந்தப் பக்கம் ஜுலைகா துப்பட்டியின் நுனியை வாயில் கவ்வியிருந்தார். அடுத்து வரப்போவதைக் கேட்கக் கூடாதென்று ஒரு கை காதை நோக்கி உயர்ந்திருந்தது.

வந்தது அடி. டும் டும் டும் என்று, யாரோ ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் சமையலறையிலிருந்து.

ஜுலைகாவின் கை பாதியில் நின்றது. அவர் டெக்கைப் பார்த்தார், கமர் காக்காவைப் பார்த்தார். அவர் யாரையாவது நேராகப் பார்த்து நான் பார்த்தது அப்போதுதான்.

“காக்கா, என் பேச்சு எங்க?”

“இவ்வளவுதானேம்மா இருந்துச்சு?”

“இதுக்கு மேலதான் பேசுனேன். கொஞ்ச நேரம் வார்த்தை வரலை. அப்புறம் பேசுனேன்.”

கமர் காக்கா வெளிறிப்போனார். “நான் யாரு பேச்சையும் காதுல வாங்கமாட்டேம்மா. சத்தத்தை அடைச்சு வச்சுட்டு முள்ளை மட்டும்தான் பாப்பேன். முள்ளு ஆடுனா பேச்சு. படுத்துருச்சுன்னா முடிஞ்சுதுன்னு…” ஊரில் மற்ற ரெக்கார்டிங் சென்டர்காரர்கள் எல்லாம் பெண்களின் பேச்சை ஒட்டுக்கேட்டபோது, கேட்காத ஒரே மனுஷர் என்று நாங்கள் நம்பியது அவரைத்தான்; அவர் உண்மையிலேயே கேட்காதவர்தான். கேட்டிருந்தால் அழித்திருக்கமாட்டார்.

இசை ஓடிக்கொண்டிருந்தது. ஜுலைகா திரையின் பக்கம் திரும்பினார்.

“மச்சான், இதுக்கு மேல நீங்க ஒண்ணும் கேக்கலையா?”

“எப்பவும் இதான் கேட்டேன்” என்றார் மீராசா. “ஒண்ணு சொல்லணும்னு சொன்னியே, என்னமோன்னு நினைச்சேன். பாட்டு வந்துருச்சு. சரி, மறந்துட்டே போலன்னு விட்டுட்டேன்.”

அப்போது அடிக்கு நடுவில் ஒரு பெண் குரல் வந்தது. களைத்த, உரிமையான குரல். டெரெக், ஆறிப்போகுது, இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்றது. ஒரு பையன் சிரித்தான். அடி மறுபடி தொடங்கியது. ஜூடித் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஜுலைகா அவர் முதுகில் கைவைத்தார். வைத்த கையை எடுக்காமலே, திரையைப் பார்த்துச் சொன்னார்:

“உங்க முகம் எனக்கு மறந்துபோச்சுன்னு சொன்னேன் மச்சான். கண்ணை மூடினா வரமாட்டேங்குது, போட்டோவுல இருக்குறவரு வேற யாரோ மாதிரி இருக்காரு, உங்களுக்கும் இப்படி ஆகுதான்னு கேட்டேன். நீங்க பதில் கேசட்டுல கூரை ஓட்டை மாத்தியாச்சான்னு மட்டும் கேட்டீங்க. என்னைக் கேவலமா நினைச்சுட்டீங்கன்னு இருந்தேன். இத்தனை நாளா உங்க முகத்தைப் பாக்க எனக்கு…”

ஜன்னலுக்கு வெளியே யாரும் அசையவில்லை. குந்தியிருந்தவர்களில் வெளிநாட்டுக்குப் போகாதவர்கள், அனுப்பிவைக்காதவர்கள் யார் இருந்தார்கள்? ஒவ்வொருவரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருவராவது பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். நான் என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தேன். அந்த இடத்தில் வெட்கப்படத் தேவையில்லாதவர் ஜூடித் ஒருவர்தான். அவர்தான் எதையும் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணை மூடியிருந்தார்.

இசை மட்டும் ஓடியது.

“மெட்ராஸ் ஏர்போர்ட்டுல” என்று ஆரம்பித்தார் மீராசா. “வெளியே வந்து நான் நேரா வேற ஒரு பொம்பளைகிட்ட போய் நின்னேன், ஞாபகம் இருக்கா. கண்ணாடி போடலைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். நீ எனக்கு நேர் எதிர்லதான் நின்னே ஜுலைகா. பிள்ளை வாப்பான்னு கத்துன பிறகுதான் தெரிஞ்சுது.”

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பச்சைத் திரையின் ஓரத்தை ஒரு கை பிடித்து ஒதுக்கியது. ஷாதி மஹாலில் அந்தத் திரையை யாரும் அப்படி ஒதுக்கி நான் பார்த்ததில்லை. ஹஜ்ரத் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. மீராசா அங்கே நின்று, சரியான வீடுதானா என்று கதவின் மேல் இருக்கும் எண்ணைப் பார்ப்பவர் போல, மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஜுலைகா தலையைக் குனியவில்லை.

பையனின் இசை மெலிந்து, ஓய்ந்தது. டேப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் முள் மெல்லச் சாய்ந்து படுத்தது. கமர் காக்காவின் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போய், அதன் மேல் நின்று, திரும்பி மடிக்கு வந்தது. அவர் முள்ளைப் பார்த்தபடி காத்திருந்தார்.